கண் மூடாமல் கிடந்த நாட்கள்

வயிற்றுப்போக்கு வந்து சரியாகிப் பத்து நாள் இருக்கும். வண்டிப்பெரியாரில் நான் வேலை பார்க்கும் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாதம் இரண்டும் மதமதவென்று இருந்தன. சாக்பீஸ் விரலில் நிற்காமல் விழுந்தது. மறுநாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் என் கணவர் என்னைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்திக் கோட்டயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். குட்டிக்கானம் தாண்டி ஒரு வளைவில் என் கால் நழுவித் தொங்கியது. யாருடைய காலோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நரம்புகளைத் தாக்குகிறது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் மூச்சு நின்றுவிடும்போல ஆனது. மூச்சு மெஷினில் போட்டார்கள். பிறகு தொண்டையில் துளையிட்டு, வாய்வழியாகப் போட்டிருந்த குழாயை அங்கே மாற்றினார்கள். முகமும் செத்துவிட்டது. இமைகள் மூடவில்லை. நர்ஸ் களிம்பு தடவி பிளாஸ்திரி ஒட்டுவார். அது ஈரத்தில் கழன்றுவிடும். நான் அழவில்லை. மூடாத கண் எரியும், நீர் வழியும், அவ்வளவுதான். நினைவு மட்டும் முழுதாக இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது.

நான்காவது வாரம், பார்வையாளர் நேரத்தில் கணவர் வந்தார். டாக்டரும் கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தார். கணவர் என் கையைப் பிடித்திருந்தாராம். எனக்குத் தெரியவில்லை. அவர் பேசியதுதான் காதில் விழுந்தது.

"போதும் சார். இந்தக் குழாயெல்லாம் எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டு போயிரட்டுமா?"

டாக்டர், மருந்து கொடுத்தாயிற்று, நரம்பு தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட வேண்டாம் என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். கணவர் சரி என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. மெஷின் மூச்சுவிட்டது. சுவரில் ஈரம் படிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஆறாவது வாரம் இடது தோள் அசைந்தது. பிறகு சிறிது சிறிதாக மூச்சு, விழுங்குவது, பேச்சு. பயிற்சி வார்டில் பிசியோதெரபி செய்த மலையாளிப் பெண் என்னைச் சாய்வுப் பலகையில் கட்டி நிமிர்த்தினாள். முதல் தடவை தலை சுற்றி வாந்தி எடுத்தேன். அவள் என் கணவரை அழைத்து, வீட்டில் கை கால் மூட்டுகளை எவ்வளவு மடக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தாள். அவர் ஜீப் பழுது பார்க்கும் கவனத்தோடு கற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையும் மாலையும் அவர்தான் செய்தார். என் குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, முழங்காலை மடக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். ஒருநாள் ஏழு எண்ணும்போது சொன்னேன்:

"அன்னைக்கு நீங்க டாக்டர்கிட்ட கேட்டது எனக்குக் கேட்டுச்சு."

அவர் கை நின்றது. காலைக் கீழே வைக்கவில்லை.

"உன் கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல. தெனமும் அழுதுக்கிட்டே கெடந்த. என்னால பாக்க முடியல" என்றார்.

அது அழுகை இல்லை, இமை மூடாததால் வந்த நீர் என்று சொல்லியிருக்கலாம். இன்றுவரை சொல்லவில்லை. அவரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அன்று முழங்காலை மறுபடி மடக்கி எட்டு என்றார். இருபது வரை எண்ணி முடித்துவிட்டு, மற்றக் காலைக் கையில் எடுத்தார்.

ஒன்றரை வருடம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பினேன். கணுக்காலுக்குப் பிளாஸ்டிக் பட்டை மாட்டியிருக்கிறேன். பாதத்தில் இன்னும் உணர்ச்சி இல்லை. செருப்புக் கழன்றால் பிள்ளைகள்தான் சொல்வார்கள். போன வாரம் நான்காவது தடவையாக ஒரு சிறுமி ஓடிவந்து, "டீச்சர், ஒரு கால்லதான் செருப்பு இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். ஆமாம், ஒரு காலில்தான் இருந்தது.