மஹோகனிக்கு அடியில் கோலம்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இரண்டு வரிசை மஹோகனி மரங்கள் நிற்கின்றன. முற்றியதும் வெட்டி ஆளுக்கொரு கட்டில் செய்துகொள்ளலாம் என்ற ஆசையில், கட்டடம் எழுந்தபோதே நட்டவை. கட்டிலுக்கு ஆசைப்பட்டவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளோடு பெங்களூர் போய்விட்டார்கள். கொல்கத்தா ஜாதவ்பூரின் மதிய வெயிலுக்கும் எங்களுக்கும் நடுவே மரங்கள்தான் நின்றன. அவற்றைச் சாகக் கிடத்தியது நம்முடைய தமிழ்ச் சுத்தம்.

முன்பக்கம் முழுக்கக் கார்கள். மார்கழிக் கோலத்துக்கு இடமில்லையே என்று எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு குறை. சங்கச் செயலாளர் வங்கியில் பெரிய பதவி பார்த்து ஓய்வுபெற்றவர், நம்மவர். கையெழுத்துப் போட்டே பழகிய கை சும்மா இருக்குமா? மரங்களுக்கு நடுவே இருந்த நிலத்தை வாசலாக்கிவிட்டார். சருகையெல்லாம் வாரி, மண்ணைத் திமிசு போட்டுக் கெட்டித்து, சாணம் தெளித்து, மார்கழி முழுக்கப் புள்ளிக்கோலம். படங்கள் சென்னை உறவுகளுக்குப் போயின. கொல்கத்தாவில் இப்படி ஒரு வாசலா என்று அவர்கள் வாய் பிளந்தார்கள். அன்று பிடித்த பைத்தியம்தான். தை பிறந்தும் பெருக்கல் நிற்கவில்லை. மஹோகனி இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஓர் இலை தரையைத் தொட்டால் மனிதர் தவித்துப்போவார். சருகு சிமெண்டுச் சாக்கில் ஏறியது. சாக்கு மாநகராட்சி வண்டியில் ஏறியது.

சரி, மரம் எதைத் தின்னும்? நான் பத்தாவது தாண்டாதவன். டல்ஹௌசிப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப் அடித்தே காலம் தள்ளியவன். ஆனால் கண் இருக்கிறது. பவானிபூர் நடைபாதையில் எடைக்கு வாங்கிய காட்டியல் பாடப்புத்தகம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் நிலமோ குளத்தைத் தூர்த்து, இடிபாடு கொட்டி மேடாக்கியது. அதில் சேமிப்பு என்ன இருக்கும்? மண்ணில் கொஞ்சநஞ்சம் இருப்பதையும் நம்மூர் மழை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே மரம் தன் சொத்தைக் கீழே போட்டுப் போட்டுத்தான் மறுபடி எடுத்துக்கொள்கிறது. விழுந்த இலையிலிருந்து பொட்டாசியம் தேயிலைச் சாயம் போல முதல் சில மழையிலேயே இறங்கிவிடும். நைட்ரஜன் அவ்வளவு சுலபத்தில் வராது. பூஞ்சைகள் முதலில் தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தை மெல்ல விடும், எங்கள் நிர்வாகக் குழுவைப் போல. மண்புழு, கரையான், நூல் போன்ற வேர் எல்லாவற்றுக்கும் சருகுக்கு அடியில்தான் குடித்தனம். சருகை வாரினால் குடித்தனம் தெருவுக்கு வந்துவிடும். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். நாங்கள் காவோலையைச் சாக்கில் கட்டிவிட்டோம். குருத்து எதை வைத்துச் சிரிக்கும்?

சில வருஷத்தில் உச்சிக் கிளைகள் காய்ந்தன. தலை சொட்டையாகி, பட்டப்பகலில் மரத்தின் ஊடே வானம் தெரிந்தது. செயலாளர் ஆட்டோ வைத்து மக்கிய உரம் வாங்கிவந்தார். பையின் மேல் பெரிதாக ஒரு பச்சை இலைப் படம். உள்ளே இருந்ததும் எவன் வீட்டு மரத்திலிருந்தோ விழுந்து மக்கிய இலைதான். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையை நான் கேட்டிருக்கிறேன். வெண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அலைந்ததை இங்கேதான் பார்த்தேன். மரத்துக்கு ஒரு பிடி வைத்தார்; மேற்கு ஓரத்து நாலு மரத்துக்கு வருமுன் பை தீர்ந்துவிட்டது. சிமெண்டு போல இறுகிய தரையில் அது எங்கே இறங்கும்? ஆஷாட மழை கழுவிக் கொண்டுபோயிற்று.

அடுத்த கூட்டத்தில் தீர்ப்புச் சொன்னார்: மரங்களுக்கு நோய். இன்னும் இரண்டு மழைக்காலம் பார்ப்போம், தேறாவிட்டால் அனுமதி வாங்கி வெட்டிக் கார் நிறுத்துவோம். கார் வைத்திருந்தவர்கள் முகத்தில் துக்கமே இல்லை.

கீழ்த்தளத்து பௌதி மட்டும் எழுந்துபோய்விட்டார். பௌதி என்றால் அண்ணி. இந்தத் தெருவில் பாதிப் பேர் எனக்கு அண்ணிகள். அவர் கணவர் பக்கவாதம் வந்து மேற்குப் பார்த்த அறையில் படுத்திருக்கிறார். திரும்பிப் படுக்கவே ஒரு கை வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் நாலு மரம் போனால் சித்திரை வெயில் நேரே அவர் மேல் விழும். தப்பித்து நகரக்கூட அவரால் முடியாது.

நான் எழுந்து, மரத்துக்கு நோயில்லை, பசி என்றேன்.

"சார், நீங்க டைப் அடிச்சவர். நான் ஜோனல் ஆபீஸையே நடத்தினவன். எது குப்பை, எது உரம்னு எனக்குத் தெரியாதா?"

"பையில வந்தா உரம், மரத்துலேர்ந்து வந்தா குப்பை. அவ்வளவுதானே சார்?"

சிரிப்பு எழுந்ததும் அவர் டெங்கு பயத்தைக் கையில் எடுத்தார். பயம் நியாயம்தான். ஆனால் வார்டுக்காரர்கள் வந்து கொசுப்புழு கண்டது அவர் பால்கனித் தொட்டிகளின் தட்டில், சருகில் அல்ல.

கூட்டத்தில் நடந்ததையும் மரத்தின் பசியையும் பௌதியிடம் போய்ச் சொன்னேன். அவர் உரப் பையை நினைத்து, "ஜூதோ மேரே கொரு தான்" என்றார். செருப்பால் அடித்துவிட்டுப் பசுவைத் தானம் செய்கிறார்களாம். அன்றே அந்த நாலு மரத்தைச் சுற்றி உடைந்த செங்கல்லை வரிசை வைத்தார். அதற்குள் துடைப்பம் வந்தால் தாமும் வந்து சருகின் மேலேயே உட்காருவதாகச் செயலாளரிடம் வங்காளத்தில் சொன்னார். வங்காளம் அவருக்கு முழுக்கப் புரிந்தது.

நான் வாசலில் வண்டிக்குக் காத்திருந்த சாக்குகளை இழுத்துவந்து அங்கே கொட்டினேன். கெட்டித் தரையைக் கடப்பாறையால் கிளறிவிட்டேன். மஹோகனி இலை மட்டும் என்றால் மக்க நாளாகும் என்று, பௌதி வீட்டு முருங்கைத் தழையும் காய்கறித் தோலும் கலந்தோம். மென்தழை கூடினால் முரட்டுச் சருகும் இளகும். செயலாளர் பார்த்துவிட்டார்.

"என்ன சார் இது, குப்பையைத் திருடறீங்க?"

"வேணும்னா திருப்பித் தந்துடறேன் சார். எந்த ரூம்ல வெக்கட்டும்?"

அதன்பின் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நல்ல மாதம்.

இரண்டு மழை போயிற்று. செங்கல்லுக்குள் கை வைத்தால் மண் பொலபொலவென்று வந்தது. வெள்ளை நூலாகப் பூஞ்சை, கொத்தாகப் புது வேர். அடுத்த பங்குனியில் அந்த நாலும் செம்புத் துளிர் விட்டுத் தழைத்தன. கோலத்து மரங்கள் பழையபடி சொட்டை.

கூட்டம் கூடியது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாம் போட்ட உரம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, முதலில் மேற்கு ஓரத்தில் தெரிகிறது, மற்றவையும் தேறும், ஆகவே வெட்டுகிற பேச்சு இனி வேண்டாம் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். உரமே போடாத நாலு மரம் அது! நான் பாதி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பௌதி என் சட்டை முனையைப் பிடித்து இழுத்தார்.

"தாதா, சுப். சும்மா இருங்கண்ணா. பேர் அவர் எடுத்துக்கட்டும். வெட்டல இல்ல?"

உட்கார்ந்தேன். செயலாளர் பேச்சுக்கு நானும் கைதட்ட வேண்டியதாயிற்று.

இப்போது விருந்தாளி யார் வந்தாலும் செயலாளர் அந்த நாலு மரத்தடிக்கு அழைத்துப்போகிறார். சருகு செருப்பில் ஒட்டுகிறது என்று முகம் சுளித்தபடியே தம் உரத்தின் பெருமை பேசுகிறார். மற்ற இடத்தில் துடைப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. மார்கழிக்குக் கோலமும் உண்டு. போன வாரம் மதியம் பௌதி வீட்டில் சா என்கிற டீ குடிக்கும்போது ஜன்னல் வழியே செயலாளர் குரல் கேட்டது. யாருக்கோ உரத்தின் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் நமநமவென்றது. பௌதி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். கட்டிலில் அவர் கணவர் நெற்றியில் இலை நிழல் ஆடிக்கொண்டிருக்க, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் பிஸ்கட்டைச் சாயில் தோய்த்தேன்.