பெருமாள் என்று சொல்லிவிட்டேன்

திருவள்ளூரில் காலை ஏழேகால் வண்டி. கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் இருபது ரூபாய். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பழைய வாயில் புடவை சுற்றிக் கயிறு கட்டிய பெரிய படம். நடக்க நடக்க முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது.

படத்தில் இருப்பவர் இந்த நாட்டுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தவர். நீலக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, கையில் தடிப் புத்தகம். எங்கள் தெருவில் தலைவர் என்றாலே அவர்தான். நான் நாற்பது வயதுவரை கைநாட்டு. அதற்கப்புறம் எழுத்துக் கற்றேன். முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது அவர் படத்துக்குக் கீழே இருந்த பேரைத்தான். இப்போது பேங்கில் கையெழுத்துப் போடுகிறேன், ஸ்டேஷன் போர்டு படிக்கிறேன். படிக்கிறதற்குள் வண்டி கிளம்பிவிடும், அது வேறு விஷயம்.

என் மகள் செல்வி கும்மிடிப்பூண்டியில், காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோடு அங்கே ஐந்து வீடு பார்த்தாள். ஐந்திலும் "நீங்க இன்னா ஆளுங்க" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறாவது வீடு கிடைத்தது, என்ன சொல்லி வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. புது வீட்டில் முதலில் தலைவர் இருக்கட்டும் என்றுதான் அவளைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பேசின் பிரிட்ஜில் இறங்கி அரை மணி நேரம் காத்திருந்து, கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். எதிரே ஒரு மீன்காரம்மா, காலி அன்னக்கூடையோடு.

"இன்னா ஆயா, டிவியா?"

"டிவி இல்ல. தலைவரு" என்றேன், பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி.

"அடேங்கப்பா! அவருக்கு டிக்கெட் எடுத்தியா?"

"அவரு சட்டம் எழுதினவரு. அவரையே டிக்கெட் கேப்பாங்களா?"

பெட்டியே சிரித்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அத்திப்பட்டு பக்கம் கரண்டு உற்பத்தி செய்கிற இடத்தின் புகைபோக்கிகள் வானத்தில் முட்டிக்கொண்டு நின்றன. பொன்னேரி தாண்டினால் கொஞ்சம் நெல்வயல், அப்புறம் கம்பெனி மதில், மறுபடி வயல், மறுபடி மதில்.

பத்தே முக்காலுக்குக் கும்மிடிப்பூண்டி. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். பச்சைப் பெயிண்ட் அடித்த மாடி வீடு. செல்வி குடியிருப்பது மேலே. கீழே வீட்டுக்கார அம்மா. ஐம்பது வயது இருக்கும். கேட்டைத் திறந்து என் பையைத் தானே வாங்கிக்கொண்டார். உட்கார வைத்து மோர் கொடுத்தார். நல்ல மனுஷி.

"உங்க பொண்ணு மாதிரி ஒரு குடும்பம் வந்தது எங்க அதிர்ஷ்டம்மா. யார் யாரோ வந்து கேக்கறாங்க. நாங்க கண்ட ஆளுங்களுக்கு வுடறதில்ல."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இது இன்னா, படமா?"

"சாமி படம்" என்றேன்.

"எந்த சாமி?"

"பெருமாள்."

"திருவள்ளூர் பெருமாளா!" அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். படத்தைச் சுற்றின புடவைமேல் இரண்டு கையையும் வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாடி ஏறியதும் செல்வி கதவைச் சாத்தினாள். "கீழ இன்னாம்மா சொன்னே?"

சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மூச்சு விட்டு, "நல்ல வேள" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"மாமா படம்னு சொல்லக்கூடாதா? சாமின்னுட்ட. இப்ப கும்பிட மேல வருவாங்களே!" என்று சொல்லிக்கொண்டே படத்தைக் கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். கையில் ஒரு முழம் மல்லிகை. "பெருமாளை எங்க வச்சிருக்கீங்க?"

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். "நல்ல நாள் பார்த்துத்தாம்மா பிரிக்கணும்" என்றேன். காலையில் சொன்ன பொய்க்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இதற்கு ஒட்டவில்லை.

"அதுவும் சரிதான். எவ்ளோ சுத்தபத்தமா இருக்கறீங்க" என்று பூவைக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனார்.

செல்வி பூவைக் கிள்ளி, பாதியைத் தலையில் வைத்துக்கொண்டாள். மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்புறம் குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு வைத்தாள். நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்குக் கிளம்பினேன். படத்தை வெளியே இழுத்தேன்.

"வச்சிட்டுப் போம்மா. சொந்த ஊடு கட்டினா மாட்டிக்கிறேன்."

"அதுவரைக்கும் கட்டிலுக்கு அடியிலயா?"

"பாப்பாவுக்கு ஸ்கூல் இங்கதான். மறுபடியும் ஒவ்வொரு வாசலா போயி நின்னு, இன்னா ஆளுங்கன்னு கேக்கறதக் கேட்டுக்க என்னால ஆவாதும்மா." அவள் கண் நிறைந்துவிட்டது.

படத்தைத் தூக்கிக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, திருடி மாதிரி படி இறங்கினேன்.

திரும்புகிற வண்டியில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் அவர் இல்லாத வீடு கிடையாது. அங்கே மாட்ட ஒரு ஆணி இருந்தால் போதும், தைரியம் எதற்கு? இத்தனை வருஷமாக என் தைரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தெருவுடைய தைரியம். தனியாக, ஒரு டம்ளர் மோருக்கு முன்னால், எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கை மகன் அம்பத்தூரில் வாடகைக்கு இருக்கிறான். அவன் வீட்டில் தலைவர் படம் இல்லை என்று, போன வருஷம் கல்யாணப் பந்தியிலேயே, "அவரு போட்ட சோத்தைத் தின்னுட்டு அவரையே மறைக்கிறியே" என்று கேட்டேன். இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அதிலிருந்து நான் அவனோடு பேசவில்லை.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினேன். வில்லிவாக்கம் தாண்டும்போது போன் போட்டேன்.

"இன்னா பெரிம்மா, நம்பர் மாத்திப் போட்டுட்டியா?"

"இல்லடா. உன் ஊடு ஸ்டேஷனுக்குக் கிட்டயா?"

"கிட்டதான். ஏன்?"

"வர்றேன்."

"பெரிம்மா, இப்பவே சொல்லிடறேன். படம் இன்னும் மாட்டல."

"அத்தக் கேக்க வரலடா" என்றேன்.

அம்பத்தூர் போர்டை இந்தத் தடவை முழுதாகப் படித்தேன். இறங்கினேன்.