கூட்டம் சேர்ந்தால் கலையும் வரிசை

அலுவலகத்தில் அவளுக்குப் 'பழசு' என்று பெயர். வயதை வைத்து வந்த பெயரல்ல. எழுதியவர்கள் வேலையை விட்டுப் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களெல்லாம் அவள் தலையில்தான் விழும். யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவதே அவள் பிழைப்பாகிவிட்டது.

அவற்றில் ஒன்று, ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் காத்திருப்பவர்களின் பெயர்களைச் சுவர்த் திரையில் காட்டுவது. வலி அதிகமுள்ளவர் முன்னால். வலி சமமென்றால் முதலில் வந்தவர் முன்னால். பஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு விட்டுப்போன அவள் கணவரும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் சிகிச்சை எடுக்காமலே திரும்பி வந்தார்.

"என்னாச்சுங்க?"

"வெளிய போகச் சொல்லிட்டாங்க. எனக்கப்புறம் வந்தவனெல்லாம் உள்ள போறான். என் பேரு ஏறுது, இறங்குது. கேட்டா அந்த ரிசப்ஷன் பொண்ணு, கம்ப்யூட்டர்தான் மாத்துதுங்குது. வேண்டியவங்களை உள்ள தள்ளுறியான்னு கத்திட்டேன். அழுதிடுச்சு."

"கம்ப்யூட்டர் தானா மாத்தாதுங்க. அது நான் பாத்துக்கிற புரோகிராம்தான்."

"அப்ப நான் பொய் சொல்றேன். விடு."

கட்டில் சட்டத்தைப் பிடித்து மெல்லச் சாய்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நாலைந்து பொய்ப் பெயர்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். வரிசை அச்சுப் பிசகாமல் வந்தது. "அதான் சரியா இருக்கே, விடுங்க," என்றார் மேனேஜர். விட்டிருப்பாள், அலுப்பு அவ்வளவு. ஆனால் கணவர் திரும்பிப் படுத்த விதம் மனதை அரித்தது. மதியம் சாப்பிடாமல் மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

கூடத்தில் நிற்க இடமில்லை. கழுத்துப் பட்டை போட்ட ஓர் அம்மாளின் பெயர் திரையில் மேலே இருந்தது. புதிதாக ஒருவர் வந்து பதிந்ததும் அது சரிந்து ஏழெட்டுப் பெயர்களுக்குக் கீழே போய் நின்றது. அந்த அம்மாள் நாற்காலியை விட்டு அசையவேயில்லை.

திரும்பி வந்து, கூடம் நிறையும் அளவுக்குப் பெயர்களைப் போட்டாள். வரிசை கலைந்தது.

காரணம் சின்னது. வரிசைப்படுத்த அந்த மொழியிலேயே ஒரு கட்டளை உண்டு. மருத்துவமனையில் ஓடிய பழைய பதிப்பில், பெயர்கள் குறைவென்றால் அது ஒவ்வொன்றாக நகர்த்தி அடுக்கும். சமமானவர்கள் வந்த வரிசையிலேயே இருப்பார்கள். பெயர்கள் கூடினால் வேகத்துக்காக வேறு வழியில் அடுக்கும். அப்போது சமமானவர்கள் முன்பின்னாகிவிடுவார்கள். எழுதியவன் வலியை மட்டும் ஒப்பிடச் சொல்லியிருந்தான். வந்த வரிசை தானாக நிலைக்கும் என்று நம்பிவிட்டான்.

வலி சமமானால் வந்த நேரத்தைப் பார் என்று ஒரு வரி சேர்த்தாள். தீர்ந்தது.

"ஆஸ்பத்திரியில எதுவும் சொல்லிக்க வேண்டாம்," என்றார் மேனேஜர்.

மறுநாள் காலையில் கணவரோடு ரிசப்ஷனுக்குப் போனாள்.

"தப்பாப் பேசிட்டேம்மா," என்றார் அவர்.

"தப்பு புரோகிராம்லதான் இருந்துச்சு. உங்க மேல இல்ல," என்றாள் அவள்.

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தினம் ஒருத்தர் கேட்டுட்டுப் போவாங்க. வீட்டுக்குப் போனா சோறு இறங்காது. எங்கிட்ட மட்டும் சொல்லி என்னங்க பிரயோஜனம்? அங்க உக்காந்திருக்கவங்ககிட்டச் சொல்லுங்க."

கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், கூடத்தைப் பார்த்துத் திரும்பி, வரிசையைக் கலைத்தது புரோகிராம்தான், இந்தப் பெண் இல்லை என்று சொன்னாள். பாதிப்பேர் நிமிரவில்லை.

"அப்ப இனிமே சீக்கிரம் கூப்பிடுவாங்களா?" என்றார் முன்வரிசையில் ஊன்றுகோலோடு இருந்த ஒருவர்.

"சீக்கிரம்லாம் ஆகாதுங்க. வலி சமம்னா வந்த வரிசையில கூப்பிடுவாங்க."

அவர் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கழுத்துப் பட்டை அம்மாள் எழுந்து ரிசப்ஷனுக்கு வந்தாள். "நானும் ஒருநாள் உன்னைத் திட்டியிருக்கேன்."

"தெரியும்மா," என்றாள் அந்தப் பெண், தலையை நிமிர்த்தாமல். பிறகு, "உக்காருங்க. கழுத்து வலிக்கப் போகுது," என்றாள்.

பழசு மேனேஜருக்குப் போன் செய்து, சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "நாளைக்குப் பேசுவோம்," என்று வைத்துவிட்டார்.

பெஞ்சில் கணவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "வேலைக்குப் போகலையா?"

"போகணும்," என்றவள் சுவரில் தலையைச் சாய்த்தாள். அவர் பெயர் வர இன்னும் நேரமிருந்தது.