நாலு மாட்டையும் அவிழ்த்துவிட்டவர்

எழுபதுகளில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சாண எரிவாயு விளக்குக்குக் கடன் கேட்டால், மாட்டைப் பார்க்க ஒரு பேங்க்காரர் வருவார். குட்டையான ஆள், வாய் நிறைய வெற்றிலை. எந்த மாடானாலும் அதன் தாடையைச் சொறிந்துவிட்டுத்தான் மனிதர்களிடம் பேசுவார்.

நாலு மாடு இருந்தால்தான் கடன். எங்களிடம் இரண்டுதான். மண்ணெண்ணெய்ப் புகையில் என் மனைவிக்கு இருமல் ஓயவில்லை. அதனால் பக்கத்து வீட்டு மாடுகள் இரண்டைக் கொண்டுவந்து எங்கள் கட்டுத்தறியில் கட்டிவைத்தேன்.

பேங்க்காரர் வந்து, மாடுகளின் தாடையைச் சொறிந்தபடியே நாலையும் அவிழ்த்துவிட்டார். இரண்டு எங்கள் தண்ணீர்த்தொட்டிக்குப் போயின. மற்ற இரண்டும் நேராகப் பக்கத்து வீட்டுக்கு நடந்தன.

"ஏனுங்க, அதுக ரெண்டும் விருந்துக்கு வந்ததுகளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரெண்டு மாட்டுக்காரன் பொண்டாட்டி இருமியே சாகோணுமுங்களா?" என்று கத்தினேன்.

அவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "ரெண்டு ஊட்டுக்கும் ஒரே சாணக்குழியா வெட்டுங்க. சேர்ந்து கேளுங்க, நாலு மாடு ஆச்சு. கடனுக்கு நானாச்சு."

வாங்கியும் தந்தார். இரண்டு வீட்டிலும் புகையில்லாமல் விளக்கு எரிந்தது.

அன்று மாடுகளை அவிழ்த்தது என் பொய்யைப் பிடிக்கவா, என்னை யாரோடு சேர்க்கலாம் என்று பார்க்கவா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.