மீன்களுக்குத் தண்ணீர் ஊற்றிய கோடை

கல்யாணமாகிக் கொல்லிமலைக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே எனக்கு மலைக்காய்ச்சல் வந்துவிட்டது. நான் நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலும் சேர்ந்து ஆடியது. பேளுக்குறிச்சியிலிருந்து ஏறி வந்து பார்த்த என் அப்பா, வீட்டுக்காரரிடம் ஒரே பேச்சாகச் சொன்னார்: "இன்னொருக்கா காச்சலு வந்துச்சுன்னா பொண்ணைக் கீழ கூட்டிக்கிட்டுப் போயிருவேனுங்க மாப்பிள்ளை. நீங்க மாத்தல் வாங்கிக்கிட்டு வாங்க, அப்புறம் குடும்பம் நடத்தலாம்."

வீட்டுக்காரர் மலையிலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். இந்த மலைக்கு வர எவனும் சம்மதிக்காத காலம் அது. அவருக்கு எங்கே மாற்றல் கிடைக்கப் போகிறது? ஆக, காய்ச்சல் வந்தால் அவர் மேலே, நான் கீழே. எனக்கோ அவரையும் பிடித்திருந்தது, மலையையும் பிடித்திருந்தது. மாமியார், நாத்தனார் இல்லாத வீடு யாருக்குத்தான் பிடிக்காது?

வீட்டுக்குப் பின்னால் பாறைச் சரிவில் ஒரு சின்னக் குளம். மேலே இருந்த ஊற்றிலிருந்து மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் வந்து விழும். பாத்திரம் கழுவ, துணி அலச, கத்தரிச் செடிக்கு ஊற்ற எல்லாம் அதுதான். காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுவதும் அதில்தான் என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். அதற்கு மருந்து மீன் என்றார். தை மாதம் சேந்தமங்கலம் போனவர், அங்கே ஏரியில் பிடித்த மீன்களைப் பித்தளைக் குடத்தில் போட்டு, மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே சுமந்து வந்தார். ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை. தலையில் மட்டும் வெள்ளையாக ஒரு பொட்டு.

"இதுகதான் என்னையக் காப்பாத்தப் போகுதுங்களா?" என்றேன்.

"பெருசாப் புடிச்சுட்டு வந்தா நீ கொழம்பு வெச்சிருவ" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது. மாசி பிறப்பதற்குள் குளத்தில் ஒரு கொசுப்புழு நெளியவில்லை. காலையில் எழுந்ததும் அந்த மீன்களைத்தான் போய்ப் பார்ப்பேன். மலை மேல் இருக்கும் என் உரிமையே அந்தப் பொட்டுகளில் இருப்பதாக எனக்கு நினைப்பு.

பிறகு பங்குனி வந்தது. மலை என்றால் எப்போதும் குளுகுளு என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நிழலில் நிற்பவருக்கு அது சரி. உச்சிவெயிலில் எங்கள் குளத்துப் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. மூங்கில் குழாய் சொட்டுப் போடத் தொடங்கியது. வீட்டுக்காரர் குளத்தின் பாதிக்கு மூங்கில் நட்டு, தழை பரப்பிப் பந்தல் போட்டார். நான் ஓடையிலிருந்து ஆகாயத்தாமரை கொண்டுவந்து மிதக்க விட்டேன். வெயில் நேரத்தில் மீன்கள் அதன் அடியில் ஒதுங்கிக்கொள்ளும். அதோடு போயிருந்தால் கவலையே இல்லை.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் சூடாகிக் குறைந்தால் அதில் மீனுக்குப் போதுமான காற்று இருக்காது, அதனால் மூச்சுக்குத் தவிக்கின்றன என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் அந்த மலையில் மீன் வாயைத் திறந்தால் ஒரே அர்த்தம்தான். ஈசுவரன் கோயில் ஆற்றில் இருக்கும் மீன்கள் சாமி மீன்கள். அவற்றுக்கு ஊட்டிவிட்டுத்தான் கோயிலுக்குள் போவார்கள். அவை அப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு வரும். எங்கள் மீனுக்கோ நெற்றியில் பொட்டு வேறு. கேட்க வேண்டுமா?

குளத்தை ஒட்டித்தான் காட்டுக்குப் போகும் தடம். போகிறவர்களெல்லாம் ஒரு கை சாமைச் சோறு, ஒரு உருண்டை களி, பொரி என்று போட்டுவிட்டுப் போனார்கள். சோறு ஊறிப் புளித்தது. தண்ணீர் கெட்டது. மீன்கள் இன்னும் அதிகமாக வாயைத் திறந்தன. "பாவம், எத்தனை பசி" என்று அவர்கள் இன்னும் அதிகமாகப் போட்டார்கள். மீன்களும் வயிறு நிறையத் தின்றுவிட்டு, கொசுப்புழு முன்னால் நெளிந்தாலும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

வீட்டுக்காரர் தண்ணீரையும் காற்றையும் பற்றி எல்லாருக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான். நான் முள் வெட்டி வேலி போட்டேன். அவர்கள் வேலிக்கு மேலே வீசினார்கள். ஒரு நாள் காலையில் இரண்டு மீன் செத்து மிதந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் குடிசைக்காரி மடியில் களியோடு வந்தாள். என் வயசுதான், என்னோடு நல்ல சிநேகம்.

"களியைப் போட்ட, நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றேன்.

"சாமி முன்னால வெறுங்கையோட எப்புடி அம்மிணி போறது? ஏதாச்சும் குடுக்கோணுமில்ல?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊரறிந்த விஷயம். "குடுக்கோணும்னா தண்ணியக் கொண்டாந்து அது தலையில ஊத்து, போ" என்று கத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் சடசடவென்று சத்தம். போய்ப் பார்த்தால், தலையில் இருந்த குடத்தை இறக்காமலே சாய்த்து, மேலிருந்து குளத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கீழ்ச் சுனையிலிருந்து சுமந்து வந்த ஜில்லென்ற தண்ணீர். சிதறி ஓடிய மீன்கள் திரும்பி வந்து, தண்ணீர் விழுந்த இடத்தில் நுரைக்குள்ளேயே நின்றன.

"நீ சொன்னது சரி அம்மிணி. சாமிக்கு அபிசேகம் புடிச்சிருக்குது" என்றாள்.

மறுநாளிலிருந்து தடத்தில் போகிற பெண்கள் சுனைக்குப் போய்வரும்போதெல்லாம் ஆளுக்கொரு செம்பு ஊற்றினார்கள். உயரத்திலிருந்து ஊற்றினால்தான் அபிஷேகம் என்று யாரோ சொல்ல, பாறை மேல் ஏறி நின்று ஊற்றினார்கள். அபிஷேக காலத்தில் நைவேத்தியம் கிடையாது என்பது நான் சேர்த்தது. மேலிருந்து விழும் தண்ணீர் காற்றையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும் என்று வீட்டுக்காரர் மகிழ்ந்துபோனார். "இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி சிரித்துவைத்தேன்.

சித்திரை வெயிலிலும் மீன்கள் துள்ளின, குஞ்சு பொரித்தன. மழை வந்தது. ஆடி போயிற்று. எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

ஆவணியில் அப்பா வந்தார். வழக்கமாக விறுவிறுவென்று ஏறுகிறவர் அன்று தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். என் கண்ணிமையை இறக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கிற" என்றார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நான் தலைகால் புரியாமல் சமையல் செய்தேன். சாப்பிடக் கூப்பிட வந்தால், வெயிலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

"ஏனுங்கப்பா, எத்தனை நாளா?"

"ஆனி மாசத்துல இருந்து விட்டு விட்டு வருது கண்ணு. உனக்குத் தெரிய வேண்டாம்னு உங்கம்மாகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்."

"இந்த உடம்போட எதுக்குங்க மலையேறுனீங்க?"

"நீ எப்புடி இருக்கிறியோன்னு ராத்திரியில தூக்கம் வரலை."

அன்று முழுக்க அவரைத் திட்டினேன். திட்டாவிட்டால் அழுதிருப்பேன். நடுக்கம் விடுகிறவரை கீழே அனுப்பவில்லை. மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையை நானே வாயில் போட்டு, விழுங்குகிறாரா என்று நின்று பார்த்தேன்.

கிளம்புகிற அன்று, "நம்மூட்டு மாட்டுத்தொட்டிக்குக் கொஞ்சம் மீனு குடு" என்று கேட்டார். குடத்தில் மீன் விட்டு, வாயில் ஈரத்துணி கட்டிக் கொடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். தண்ணீர் தளும்பாமல், குடத்தை ஒரு கையால் அணைத்தபடி, மரத்து நிழல் பார்த்து மெல்ல மெல்ல இறங்கினார். என்னை வரச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் கோடை முழுக்கக் கிடந்தேன். ஆனால் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கூப்பிட்டிருந்தால் அப்படியே கூடப் போயிருப்பேன்.