இடது பக்கத்து போல்ட்

என் மனைவி கிழமை நாட்களில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் பஸ் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் ஓட்டுகிறாள். லண்டனைத் தாண்டி ஒரு மணி நேரம் போனால் ஒரு சிறிய வட்டப் பாதை. அதில் இருபது பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளியபடி சுற்றும்.

"பஸ்ஸில ஆரிலயும் முட்டாமல் ஓடோணும். இஞ்ச முட்டினால் ஒருத்தரும் ரிப்போர்ட் கேக்கமாட்டினம்" என்பாள்.

காரைத் திருத்துவது என் பொறுப்பு. விருப்பத்தால் அல்ல, இன்னொருவன் கையில் விட மனம் வராததால்.

அந்த ஞாயிறு, புது சீட் பெல்ட்டோடு ஓடினாள். முதல் நாள் நான்தான் பூட்டியிருந்தேன். மூன்றாவது சுற்றில், வேலிக்கு வெளியே நின்ற எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். பெல்ட்டைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டில் மூன்றை இறுக்கியது நினைவிருந்தது. நாலாவதான இடது பக்கத்து போல்ட்டுக்குப் போகும்போது வாசல் மணி அடித்தது. பார்சலை வாங்கி வைத்தேன். திரும்பி வந்து இறுக்கினேனா, இல்லை இறுக்காமலே ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேனா?

அவள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். அவ்வளவு முன்னுக்கு ஒருநாளும் வந்ததில்லை. பின்னால் வந்த சிவப்புக் கார் இடிக்க, அவள் கார் சுவர்வரை சறுக்கி, மயிரிழையில் தப்பியது. நான் ரேஸ் அதிகாரியிடம் ஓடினேன்.

"நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார் அந்த வெள்ளைக்காரர்.

"தெரியாது. அதுதான் பயம்."

அவளை உடனே உள்ளே வரச்சொல்லி, அவளுடைய நம்பரோடு கறுப்புக் கொடி காட்டினார்கள். அவள் கவனிக்காமல் இன்னொரு சுற்றுப் போனாள்.

உள்ளே வந்ததும் ஹெல்மெட்டோடு கத்தினாள். "என்னப்பா, என்ன நடந்தது? நான் மூண்டாவதா வந்துகொண்டிருந்தனான்!"

"இடது பக்க போல்ட்டை இறுக்கினனானோ தெரியேல்லை."

குனிந்து ஸ்பானரை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. நன்றாக இறுகியிருந்தது. ஒரு கணம், அது தளர்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். உடனேயே வெட்கமாகப் போய்விட்டது.

அவள் பெல்ட்டைக் கழற்றாமல் என்னையே பார்த்தாள். "பயந்திட்டீங்களோ?"

"ஓம்."

"மூண்டு வருசமா இப்பிடிப் பயந்துகொண்டோ நிண்டனீங்கள்? ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"சொன்னால் நீர் விட்டிடுவீர் எண்டு நினைச்சன்."

"விடமாட்டன்" என்றாள். "ஆனா நீங்கள் சொல்லியிருக்கலாம்."

பின்னேரம் அடுத்த ரேஸுக்கு முன்னால் நான்கு போல்ட்டையும் தானே ஒருமுறை இறுக்கினாள், என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து. அதில் ஒன்பதாவதாக வந்தாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்தபடி கடைசிவரை நின்றேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை.