இருநூறு மெகாபிக்சல் மாப்பிள்ளை

எத்தனை தரம் சொன்னாலும் எங்கட ஆக்களுக்கு விளங்காது. மெகாபிக்சல் கூடினால் மட்டும் படம் நல்லா வராது, வெளிச்சம் வேணும்.

வங்காலையில் என் சிநேகிதன் ஜூட்டுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். போன கிழமை, புதுப் போனில் வீட்டுக்குள் நின்று எடுத்த படத்தை நறுவிலிக்குளத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பப் போனான்.

"இருநூறு மெகாபிக்சல், மச்சான்!"

"மடையா, வாட்ஸ்அப்பில சும்மா அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிப்போடும். டொக்கியுமென்டா அனுப்பு" என்றேன்.

அப்படியே அனுப்பினான்.

இன்றைக்கு மன்னார் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தான். முகம் சரியில்லை.

"நறுவிலிக்குளத்தார் வேண்டாம் எண்டிட்டினம்."

"ஏன்டா, படம் தெளிவில்லையோ?"

"நல்ல தெளிவாம். பொம்பிளையின்ர பெரியம்மா பெருப்பிச்சுப் பார்த்திருக்கிறா. எனக்குப் பின்னால, அலுமாரிக்கு மேல, அப்பா ஒளிச்சு வைச்ச சாராயப் போத்தில். லேபிளையும் வாசிச்சிட்டா. பாதி முடிஞ்சிருக்கு எண்டும் சொன்னவ. நான் தொடுறதே இல்லை எண்டால் ஆர் நம்புவினம்? எல்லாம் உன்ர டொக்கியுமென்டாலதான்!"



இருநூறு மெகாபிக்சலையும் மிச்சம் வைக்காமல் பயன்படுத்திய ஓர் ஆளை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். அந்தப் பெரியம்மா என்ன போன் பாவிக்கிறா எண்டு ஆருக்காவது தெரிஞ்சால் சொல்லுங்கோ.